கடையைச் சாத்திவிட்டு ஒரு நாள் வீட்டில் இருந்தால் ஏன் தப்பு செய்தது போல இருக்கிறது?

பிரிவு: தொழில் பேச்சு, மதுரை வட்டாரம்

கப்பலூர் லேத் | திங்கள், இரவு 11.48

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன், மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்கு இரும்புப் பாகங்கள் கடைந்து கொடுக்கிற வேலை. கம்ப்யூட்டரில் ஓடுகிற சிஎன்சி மிஷின் இரண்டு, மூன்று சாதா லேத், ஒரு மில்லிங். பத்துப் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். காலையில் ஐந்து மணிக்கு எழுந்தால் படுக்க நடுச்சாமம் ஆகிவிடும். அதில் புகார் இல்லை, நாமாகத் தேடிக்கொண்டதுதான்.

கேள்வி வேறு. போன வாரம் மாதாந்திரப் பராமரிப்பு என்று எங்கள் பக்கம் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை கரண்ட் கட். ஜெனரேட்டர் இருக்கிறது. ஆனால் அதில் சிஎன்சி ஓட்டினால் வருகிற கூலி டீசலுக்கே போய்விடும். ஆட்களுக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். பத்து மணிக்கு ஒரு தூக்கம், சாப்பிட்டு எழுந்து இன்னொரு தூக்கம். மனதில் உறுத்தல் என்று ஒன்றுமே இல்லை.

அடுத்து வந்தது ஞாயிற்றுக்கிழமை. அவசர ஆர்டர் இல்லை, ஆட்களும் வரமாட்டார்கள். அன்று என்னால் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார முடியவில்லை. டிவியைப் போட்டேன், அணைத்தேன். பேப்பரைப் பிரித்தேன், மடித்தேன். கடைசியில் வண்டியை எடுத்துக்கொண்டு யூனிட்டுக்குப் போய், ஷட்டரைத் தூக்கி, கிடந்த சுருள் கழிவையெல்லாம் கூட்டி அள்ளிவிட்டு வந்த பிறகுதான் சோறு இறங்கியது.

மின்வாரியம் லீவு விட்டால் தூக்கம் வருகிறது, நானே விட்டால் வரவில்லை. இது எனக்கு மட்டும்தானா? தயவுசெய்து தியானம் பண்ணு, யோகா பண்ணு என்று சொல்ல வேண்டாம். அதை வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள்.

பூ மண்டி | செவ்வாய், அதிகாலை 3.12

அண்ணே, முதலில் நீங்கள் இதைப் போட்ட நேரத்தைப் பாருங்கள். அப்புறம் நான் பதில் எழுதுகிற நேரத்தையும் பாருங்கள். நாம் இரண்டு பேரும் ஓய்வைப் பற்றிப் பேசுகிறோம் :)

மாட்டுத்தாவணியில் கமிஷன் கடை. மல்லி மொட்டை விடியலில் பறித்தாக வேண்டும். விட்டால் அன்று இரவே செடியில் விரிந்துவிடும், விரிந்த பூவுக்கு மொட்டு விலை கிடையாது. 2013இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், பெருமைதான். ஆனால் குறியீடு வந்தாலும் பூ ஞாயிற்றுக்கிழமை என்று பார்த்துப் பூக்காமல் இருப்பதில்லை.

நீங்கள் சொல்வது எனக்கு நன்றாகப் புரிகிறது. எங்களுக்கும் பூ குறையும் காலம் ஒன்று உண்டு. பனி இறங்கிவிட்டால் வரத்து சுருங்கிவிடும். விலை கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும், மூட்டை மட்டும் வராது. அப்போது சீக்கிரமே கடையை எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் அடித்துப்போட்ட தூக்கம். சித்திரையில் வரத்து கொட்டும்போது என் மச்சான் "இன்றைக்கு நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்ப் படு" என்று சொன்னால் தூக்கமே வராது. அதே உடம்புதான், அதே களைப்புதான்.

ஜவுளிக்கடை, விளக்குத்தூண் | செவ்வாய், காலை 10.05

உறுத்தல் உள்ளே இருந்து மட்டும் வருவதாக நீங்கள் இரண்டு பேரும் எழுதுகிறீர்கள். எனக்கு அது தெருவிலிருந்துதான் வருகிறது.

வார நாளில் முதலாளி வீட்டில் இருந்தால் என்ன நடக்கும்? பால்காரர் "உடம்பு சரியில்லையா?" என்பார். எதிர்வீட்டம்மா என் மனைவியிடம் ரகசியமாக விசாரிப்பார். மாமனார் போன் போட்டு "மாப்பிள்ளை இன்றைக்குக் கடைக்குப் போகலையா?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்காமலே கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பதுதான் கொல்லும்.

வியாபாரத் தெருவில் இது இன்னும் மோசம். காரணம் தெரியாமல் ஒரு கடை இரண்டு நாள் பூட்டிக்கிடந்தால் மூன்றாம் நாள் "மஞ்சக் கடுதாசி கொடுக்கப் போகிறானாம்" என்ற பேச்சு கிளம்பிவிடும். சரக்குக் கடன் கொடுத்தவர் காதில் அது விழுந்தால் அடுத்த பேல் வராது. அதனால்தான் நம் ஊரில் கடை வாசலில் தொங்குகிற அட்டைகளைப் பாருங்கள். "குலதெய்வம் கோயிலுக்குச் செல்வதால் இன்று விடுமுறை." "இல்லத் திருமணத்தை முன்னிட்டு விடுமுறை." "துக்கம் காரணமாக." சாமி, கல்யாணம், சாவு இந்த மூன்றில் ஒன்று இருந்தால்தான் ஷட்டரை இறக்கலாம். "களைப்பாக இருக்கிறது, இன்று விடுமுறை" என்று எழுதிய அட்டையை யாராவது பார்த்ததுண்டா?

போன வருடம் வீம்புக்கு நான் ஒன்று எழுதி மாட்டினேன். "இன்று ஓய்வு. நாளை வழக்கம்போல்." அவ்வளவுதான். அன்று முழுக்கப் போன். எல்லாருக்கும் ஒரே கேள்வி, "ஒன்றும் பிரச்சினை இல்லையே?" சீட்டுப் பிடிக்கிறவர் நேரிலேயே வந்துவிட்டார், பார்த்துவிட்டுப் போக. மறுபடி மாட்டவில்லை என்று நினைக்க வேண்டாம். மாட்டினேன். மூன்று நான்கு முறை ஆனதும் யாரும் கேட்பதில்லை. இப்போது மாதத்தில் ஒரு புதன்கிழமை என்று எல்லாருக்கும் தெரியும். வாடிக்கைக்காரர்களே "அடுத்த வாரம் உங்கள் புதன், அதனால் இப்போதே எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார்கள்.

மொத்தக்கடை 1971 | செவ்வாய், மதியம் 4.20

இப்போதுதான் எழுந்தேன். கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பாதி ஷட்டரை இறக்கிவிட்டுக் கடைக்குள்ளேயே பாய் போட்டுப் படுப்பது எங்கள் அப்பா காலத்து வழக்கம். நானும் விடவில்லை.

தம்பிமார்களுக்கு ஒன்று சொல்கிறேன். மீனாட்சிக்கே மதியம் 12.30 மணிக்கு நடை சாத்துகிறார்கள். மறுபடி திறக்க 4 மணி. ராத்திரி சொக்கரைப் பல்லக்கில் வைத்து அம்மன் பள்ளியறைக்குக் கொண்டுபோய், பாட்டுப் பாடி, பால் கொடுத்துப் படுக்க வைக்கிறார்கள். வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்தவன் கோயில் மதில் நிழலிலோ புதுமண்டபத்துப் பக்கமோ நாலு மணி வரை காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒருவனாவது கோபித்துக்கொண்டு போயிருக்கிறானா? சாமியைப் பார்க்க வந்தவன் காத்திருக்கிறபோது உன் துவரம்பருப்பை வாங்க வந்தவன் அரை மணி காத்திருக்க மாட்டானா?

பைபாஸ் ஸ்டார்ட்அப் | செவ்வாய், மதியம் 4.31

ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். அம்மனுக்கு எதிர்க்கடை இல்லையே.

பூ மண்டி | செவ்வாய், மதியம் 4.40

😂😂 தம்பி கெட்டிக்காரர்.

மொத்தக்கடை 1971 | செவ்வாய், மாலை 5.15

நல்ல பதில்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு எதிர்க்கடை இரண்டு உண்டு. அவர்களும் அந்த நேரத்தில் படுத்துத்தான் இருக்கிறார்கள். தெருவே படுத்தால் யாருக்கும் நட்டம் இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீதியில் பெரும்பாலும் மொத்தக்கடைகள் சாத்தியிருக்கும். அன்று யாருக்காவது உறுத்துகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

பைபாஸ் ஸ்டார்ட்அப் | செவ்வாய், இரவு 8.02

என் தரப்பையும் எழுதிவிடுகிறேன், திட்டினாலும் பரவாயில்லை. சின்ன சாப்ட்வேர் கம்பெனி, ஐந்து பேர், மருத்துவமனைகளுக்கு பில்லிங் மென்பொருள். எங்கள் எதிர்க்கடை சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறது. அவர்கள் மதியம் படுப்பதில்லை. இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 2023இல் வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொன்னபோது எல்லாரும் கேலி செய்தார்கள். எனக்கு அது கேலியாகப் படவில்லை. முதல் சில வருடம் ஓட்டத்தான் வேண்டும். ஓய்வு என்பது ஏற்கெனவே மேலே வந்தவர்கள் பேசுகிற பேச்சு. மொத்தக்கடை ஐயாவுக்குக் கடை சொந்தக் கட்டடம். எனக்கு மாத வாடகை.

உறுத்தல் இருக்கட்டும், அது என்னை ஓட்டுகிறது.

லேப் வச்சிருக்கேன் | செவ்வாய், இரவு 9.36

நான் மருத்துவர் இல்லை. ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறேன், அண்ணா நகர் பக்கம். வியாபாரிகளின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி என் கையில் தினமும் வந்துபோகிறது. அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன், அவர்களுடைய சொந்த விஷயம். ஆனால் பொதுவில் வெளியான இரண்டு செய்திகள் சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்க்கிறவர்களை 35 முதல் 40 மணி நேரம் பார்க்கிறவர்களோடு ஒப்பிட்டார்கள். பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். 2016ஆம் ஆண்டில் மட்டும் நீண்ட நேர வேலையோடு சேர்த்துப் பார்க்கப்பட்ட சாவுகள் உலகம் முழுக்க 7,45,000.

இரண்டாவது, 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு ஆய்வு. ஒருவரை 17 முதல் 19 மணி நேரம் தூங்கவிடாமல் வைத்துச் சோதித்தார்கள். சில சோதனைகளில் அவர் செயல்பட்ட விதம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருக்குச் சமமாகவோ அதைவிட மோசமாகவோ இருந்தது. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம்.

இனி கப்பலூர் அண்ணன் கணக்கைப் போடுங்கள். காலை 5 மணிக்கு எழுந்தவர் இரவு 11.48க்கு எழுதியிருக்கிறார். கிட்டத்தட்ட 19 மணி நேரம். அந்த நிலையில் கப்பலூரிலிருந்து வீட்டுக்கு நான்கு வழிச்சாலையில் வண்டி ஓட்டினால் ஊதச் சொல்லும் போலீஸ்காரருக்கு ஒன்றும் தெரியாது. லாரிக்காரருக்குத் தெரிந்துவிடும்.

பைபாஸ் ஸ்டார்ட்அப் | செவ்வாய், இரவு 9.50

அதெல்லாம் உலகச் சராசரி. தனி ஒருவனுக்குப் பொருந்துமா?

லேப் வச்சிருக்கேன் | செவ்வாய், இரவு 9.58

பொருந்தும், பொருந்தாது என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது தம்பி. அதுதான் அதில் உள்ள சிக்கலே.

ஆடிட்டர் ஆபீஸ் | புதன், காலை 11.20

ஒரு கணக்கர் பார்வையில் சொல்கிறேன். மனசு, உறுத்தல் என்று எல்லாரும் எழுதியாயிற்று. பேரேட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை.

எங்கள் அலுவலகத்துக்கு வருகிற முதலாளிகளில் தூக்கம் இல்லை என்று சொல்கிறவர்களைக் கவனித்திருக்கிறேன். வேலை அதிகம் உள்ளவர்களைவிட வசூல் நிலுவை அதிகம் உள்ளவர்கள்தான் அப்படிச் சொல்கிறார்கள். கையில் ஆர்டர் நிரம்பி, பணமும் சரியாக வந்துகொண்டிருப்பவர் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அழகர்கோயிலுக்குப் போய் நூபுரகங்கையில் குளித்துவிட்டு வருகிறார். பணம் வெளியே நிற்பவர்தான் ஷட்டரைத் தூக்கிக் கூட்டிப் பெருக்குகிறார். கப்பலூர் அண்ணே, கோபிக்க வேண்டாம். உங்களுக்கு வர வேண்டியது எத்தனை நாளாக நிற்கிறது?

உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2006ஆம் வருடத்துச் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, சரக்கோ சேவையோ வாங்கியவர் குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. இது போக, 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு விதி வந்தது. கெடுவுக்குள் பணம் கொடுக்காத கம்பெனி, அந்தச் செலவை அந்த வருடம் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது, கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். பெரிய கம்பெனிகள் வட்டிக்குப் பயப்படுவதில்லை, இதற்குக் கொஞ்சம் பயப்படுகிறார்கள். பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சிட்டு விடுங்கள். யாரையும் மிரட்ட வேண்டியதில்லை, மார்ச் மாதம் அவர்களுடைய ஆடிட்டரே உங்களைத் தேடுவார்.

ஜவுளிக்கடை அண்ணனுக்கும் மொத்தக்கடை ஐயாவுக்கும் இந்த வசதி கிடையாது. வாங்கி விற்கிற வியாபாரிகள் உத்யமில் பதிந்தாலும் அது வங்கிக் கடன் சலுகைக்கு மட்டும்தான்.

அடுத்தது ஜிஎஸ்டி. ஆண்டு விற்பனை 5 கோடிக்குள் இருந்தும் மாதாமாதம் ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 11ஆம் தேதி ஒன்று, 20ஆம் தேதி ஒன்று என்று மாதம் முழுக்கத் தலைக்குமேல் தொங்கும். 2021 ஜனவரி முதல் காலாண்டு முறை இருக்கிறது. முதல் இரண்டு மாதம் வரியை மட்டும் 25ஆம் தேதிக்குள் கட்டினால் போதும். உங்களிடம் வாங்குகிற கம்பெனி மாதாமாதம் உள்ளீட்டு வரி எடுக்க வேண்டும் (உங்களுக்குக் கொடுத்த வரியைத் தன் வரியில் கழிக்க வேண்டும்) என்றால் அந்த பில்களை மட்டும் 13ஆம் தேதிக்குள் ஏற்றிவிடலாம், அதற்கும் வழி உண்டு.

கப்பலூர் லேத் | புதன், மதியம் 1.45

கோபமெல்லாம் இல்லை. நீங்கள் கேட்டது சரியான இடத்தில் கேட்டது. ஒரு பெரிய இடத்திலிருந்து எனக்கு வர வேண்டியது 90 நாளைத் தாண்டி நிற்கிறது. பெயர் வேண்டாம். உத்யம் எண் பில்லில் இருக்கிறது. ஆனால் அழுத்திக் கேட்டால் அடுத்த டிராயிங் வேறு யூனிட்டுக்குப் போய்விடும். சட்டம் என் பக்கம், ஆர்டர் அவர்கள் பக்கம்.

ஆனாலும் ஒன்று. பணம் நன்றாக வந்துகொண்டிருந்த வருடத்திலும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் இருந்தது. நிலுவை அதைக் கூட்டுகிறது, சரி. ஆரம்பித்து வைத்தது அது இல்லை.

மசாலா அக்கா, செல்லூர் | புதன், மதியம் 2.30

ரெண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிறு ஓய்வு, ஞாயிறு ஓய்வு என்று அத்தனை பேரும் எழுதுகிறீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கறி யார் வாங்கி, யார் கழுவி, யார் குழம்பு வைக்கிறது?

நான் பொடி வகை, ஊறுகாய் செய்து விற்கிறேன். குழுக் கடனில் ஆரம்பித்தது, இப்போது எங்கள் தெருப் பெண்கள் நாலு பேருக்கு வேலை கொடுக்கிறேன். எனக்கு உறுத்தல் இரண்டு பக்கமும் உண்டு. மிளகாய் வறுத்துக்கொண்டிருக்கும்போது பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கவில்லையே என்று இருக்கும். பிள்ளையோடு உட்கார்ந்தால் நாளைக்கு அனுப்ப வேண்டிய பார்சல் கண்ணுக்குள் நிற்கும். உங்களுக்குக் கடை சாத்தினால் வேலை முடிந்தது. எனக்குக் கடையும் அடுப்படியும் ஒரே இடம், சாத்துவதற்குக் கதவே கிடையாது.

எனக்குப் பிடித்த நேரம் எது தெரியுமா? மிஷினில் மல்லியும் மிளகாயும் அரைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற நேரம். வரிசை நீளமாக இருந்தால் எல்லாரும் முணுமுணுப்பார்கள். நான் மட்டும் சந்தோஷமாக உட்கார்ந்திருப்பேன். தும்மிக்கொண்டே. அங்கே என்னை யாரும் எதுவும் கேட்க முடியாது, நானும் என்னைக் கேட்டுக்கொள்வதில்லை. கப்பலூர்த் தம்பி சொன்ன கரண்ட் கட்டும் இதுவும் ஒன்றுதானே?

மழைக்காலம் இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடியில் மிளகாய் காயாது. முதலில் அந்த நாட்களை எல்லாம் நட்டக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது பங்குனி, சித்திரை வெயிலிலேயே வற்றல், வடகம், காய்ந்த மிளகாய் எல்லாம் சேர்த்து வைத்துவிடுகிறேன். மழை பெய்தால் பெய்யட்டும் என்று இருக்கிறேன். அந்த இரண்டு மாதமும் ஆர்டர் குறைத்துத்தான் எடுப்பேன் என்று முன்கூட்டியே சொல்லியும் விடுகிறேன்.

ஜவுளிக்கடை, விளக்குத்தூண் | புதன், மதியம் 2.52

அக்கா, முதல் பத்திக்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை.

மசாலா அக்கா, செல்லூர் | புதன், மதியம் 2.55

தெரியும் தம்பி. எழுதி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பூ மண்டி | புதன், மாலை 6.30

அக்கா கேட்டதிலிருந்து ஒன்று பிடிபடுகிறது. இந்த இழையில் நிம்மதியாகத் தூங்கினோம் என்று எழுதிய எல்லா இடத்தையும் பாருங்கள். கரண்ட் கட், பனி, மில் வரிசை, மழை, நடை சாத்துவது, தெருவே சாத்துவது. ஒன்றில்கூட முடிவு நம்முடையது இல்லை. நாமே முடிவு பண்ணிய ஓய்வில்தான் எல்லாருக்கும் முதுகு உறுத்துகிறது. அட்டை மாட்டிய அண்ணனுக்குக்கூட முதல் தடவை உறுத்தியது, அது "உங்கள் புதன்" என்று ஊருக்குப் பழகிய பிறகு உறுத்தவில்லை. அதாவது அவருடைய முடிவு வழக்கமாக மாறிவிட்டது.

அப்படியானால் ஒவ்வொரு வாரமும் "இன்றைக்கு லீவு போடலாமா?" என்று யோசிக்கவே கூடாது போலிருக்கிறது. யோசித்தால் கணக்கு எப்போதும் வேலைப் பக்கம்தான் சாயும்.

ஆயுத பூசையை எடுத்துக்கொள்ளுங்கள். தராசுக்குச் சந்தனம் வைத்து, அவல் பொரி படைத்து, அதை அன்று தொடுவதில்லை. லேத்துக்கும் அப்படித்தானே அண்ணே? தொட்டால் தப்பு என்று வைத்திருக்கிறார்கள். வேலை செய்தால் உறுத்துகிற மாதிரி ஒரு நாளை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் பெரியவர்கள்.

ஆடிட்டர் ஆபீஸ் | புதன், இரவு 7.10

சட்டத்திலும் அந்த வழக்கம் இருந்தது. 1947ஆம் வருடத்து நம் மாநிலக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் வாரம் ஒரு நாள் கடையை மூட வேண்டும் என்றது. ஊழியருக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. பிறகு 2019இல் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் 365 நாளும் 24 மணி நேரமும் திறக்கலாம் என்று அரசாணை வந்தது. ஊழியருக்குச் சுழற்சி முறையில் வார விடுமுறை கட்டாயம். 2021இல் திருத்தம் கொண்டுவந்து, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்றும் சேர்த்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் இவை எதுவும் முதலாளிக்குப் பொருந்தாது. கடை மூடுகிற நாள் இருந்தவரை அவனுக்கும் சேர்த்து ஓய்வு கிடைத்தது. கடை திறந்தே இருக்கலாம் என்று ஆனபின் ஊழியருக்குச் சுழற்சி உண்டு, கல்லாவில் இருப்பவனுக்குச் சுழற்சி இல்லை.

பைபாஸ் ஸ்டார்ட்அப் | புதன், இரவு 10.15

பூ மண்டி அண்ணன் எழுதியது எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் நடைமுறையில் எப்படி? நான் இல்லையென்றால் மருத்துவமனையிலிருந்து வருகிற போனை யார் எடுப்பது? இரவு இரண்டு மணிக்கு பில் அச்சாகவில்லை என்றால் அங்கே நோயாளி டிஸ்சார்ஜ் ஆக முடியாது. லீவு என்று அட்டை மாட்ட முடியாத தொழில்களும் இருக்கின்றன.

கப்பலூர் லேத் | வியாழன், காலை 7.30

தம்பி, உங்களுக்குச் சொல்லிக்கொண்டே எனக்கும் சொல்லிக்கொள்கிறேன். நேற்று ராத்திரி ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன், நான் இல்லாத அன்று யூனிட்டில் எது எது நிற்கும் என்று. டூல் இன்செர்ட், அதாவது இரும்பை வெட்டுகிற முனை, தீர்ந்தால் வாங்க என் அனுமதி வேண்டும். கடைக்கு யுபிஐயில் பணம் வந்ததா என்று என் போனில்தான் தெரியும். ஆபரேட்டர்கள் இரண்டு பேர் சண்டை போட்டால் நான்தான் பஞ்சாயத்து. டிராயிங்கில் அளவு சந்தேகம் வந்தால் நான்தான். ஆக நாலு. இதில் கடைசி ஒன்றுக்குத்தான் உண்மையில் நான் வேண்டும்.

சூப்பர்வைசரிடம் ஐயாயிரம் ரூபாய் வரை கேட்காமலே வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டும். பணம் வந்தால் அறிவிக்கிற சவுண்ட் பாக்ஸை டெலிவரி மேசையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். வாட்ஸ்அப் பிசினஸில் வேலை நேரம் போட்டு, அதற்கு வெளியே வந்தால் தானாகப் பதில் போகிற மாதிரி பையன் செய்துகொடுத்தான். சண்டைக்கு வழி தெரியவில்லை, போட்டுக்கொள்ளட்டும்.

இன்னொன்று, லேப் நண்பர் சொன்ன 17 மணி நேரக் கணக்கு எனக்குத் தைத்துவிட்டது. இரவு 9 மணிக்கு மேல் சிஎன்சியில் யாரும் ஆஃப்செட் (டூல் எங்கே நிற்க வேண்டும் என்கிற அளவு) மாற்றக் கூடாது, நானும் சேர்த்து, என்று போர்டில் எழுதிவிட்டேன். தூக்கக் கலக்கத்தில் ஒரு புள்ளி தள்ளிப் போட்டால் டூல், பாகத்தைப் பிடித்துச் சுற்றுகிற சக்கில் போய் மோதும். ஸ்பிண்டில் செலவு லட்சத்தில் வரும். லேத்தில் சக் சாவியை மாட்டியபடியே ஸ்விட்சைப் போட்டால் அது பறந்து வருவது யார் மேல் என்று சொல்ல முடியாது. இதற்கெல்லாம் ஆட்களுக்கு விதி வைத்திருக்கிறேன், எனக்கு மட்டும் வைக்கவில்லை.

ஓய்வு நாளை நானே தேர்ந்தெடுக்கப் போவதில்லை. அடுத்த மாதத்திலிருந்து எங்கள் பக்கத்து கரண்ட் கட் எந்தக் கிழமையோ, அந்தக் கிழமைக்கு அடுத்து வருகிற ஞாயிறும் எனக்கு லீவு. ஷட்டர் சாவியை அன்று சூப்பர்வைசரே வைத்துக்கொள்வார். சாவி என் கையில் இருந்தால் நான் போய்விடுவேன்.

மொத்தக்கடை 1971 | வியாழன், மதியம் 4.25

சாவியைக் கொடுத்தது நல்ல வேலை. டூப்ளிகேட் வைத்திருக்கிறீரா?

கப்பலூர் லேத் | வியாழன், மாலை 5.02

இருக்கிறது ஐயா. பீரோவில். மனைவியிடம் கொடுக்கச் சொல்கிறீர்களா?

மசாலா அக்கா, செல்லூர் | வியாழன், மாலை 5.20

கொடுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பும் நீங்களே வையுங்கள், அவர்களும் உங்களுக்குச் சாவி தரமாட்டார்கள்.

பைபாஸ் ஸ்டார்ட்அப் | வியாழன், இரவு 9.40

எங்கள் ஐந்து பேரில் இரவு போனை வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துப் பார்க்கலாம் என்று பேசியிருக்கிறோம். எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. வாடிக்கையாளர் வேறொருவர் குரலைக் கேட்டு என்ன சொல்வார் என்று தெரியாது. ஆடிட்டர் சார், ஒரு கேள்வி. காலாண்டு முறைக்கு மாற எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

ஆடிட்டர் ஆபீஸ் | வெள்ளி, காலை 10.30

எந்தக் காலாண்டிலிருந்து வேண்டுமோ, அதற்கு முந்தைய காலாண்டின் இரண்டாம் மாதம் 1ஆம் தேதியிலிருந்து அந்தக் காலாண்டின் முதல் மாதக் கடைசி நாள் வரை இணையதளத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஜூலை காலாண்டு என்றால் மே 1 முதல் ஜூலை 31 வரை. கடைசியாகப் போட வேண்டிய ரிட்டர்ன் எதுவும் பாக்கி இருக்கக் கூடாது. நேற்று இரவே பதில் போட்டிருப்பேன், ஆறு மணிக்கு மேல் இந்தப் பக்கம் வருவதில்லை என்று வைத்துப் பார்க்கிறேன்.

பூ மண்டி | வெள்ளி, காலை 11.15

அக்கா, பூண்டு ஊறுகாய் இருக்கிறதா? மாட்டுத்தாவணிக்கு ஒரு கிலோ வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் நல்லது.

மசாலா அக்கா, செல்லூர் | வெள்ளி, மதியம் 12.40

இருக்கிறது. திங்கட்கிழமைதான் வரும்.